அம்மாவுக்காக நான் கதவு தட்டின தெரு

எங்க அம்மா எலிசபெத்தை இந்தச் சபையில தெரியாதவங்க இல்லை. ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் முன்னாடி வந்து, இந்த இடத்தைப் பெருக்கிப் பாய் விரிக்கறவங்க. போன வருஷம் ஜூலை மாசம், ஒரு திங்கக்கிழமை காலையில, அவங்க கையில இருந்து தோசைக் கரண்டி நழுவிக் கீழ விழுந்துச்சு. எடுத்துக் குடுத்தேன். மறுபடியும் விழுந்துச்சு. "கை மரத்துப்போன மாதிரி இருக்குடி"ன்னு சிரிச்சாங்க. சாயங்காலம் கால் மரத்துச்சு. மறுநாள் எழுந்து நிக்க முடியல. அதுக்கு அடுத்த நாள் மூச்சு விட முடியல.

எங்க ஊர்ப் பக்கம் சேத்துப்பட்டுல இருக்கற டாக்டர், "இங்க வெச்சிகினு இருக்காதீங்க, ஜல்தியா வேலூருக்குக் கொண்டு போங்க"ன்னாரு. ஆம்புலன்ஸ்ல வழி முழுக்க அம்மா என் முகத்தையே பார்த்துகினு வந்தாங்க. பேச்சு வரல. வேலூர் ஆஸ்பத்திரியில தொண்டையில குழாய் விட்டு, மிஷின்ல மூச்சு விட வெச்சாங்க. அவங்க உடம்போட எதிர்ப்பு சக்தியே அவங்க நரம்பைத் தாக்குதுன்னு டாக்டர் சொன்னாங்க. கண்ணு மட்டும்தான் அசைஞ்சது.

அந்தக் கண்ணைப் பார்த்துட்டு வெளிய வந்து வராண்டாவுல உட்கார்ந்தேன். எனக்கு ஜெபம் வரல. சின்ன வயசுலேர்ந்து இதே மேடையில நின்னு ஜெபம் பண்ணின ஜெனிபாதான் நானு. அன்னிக்கு "இயேசப்பா"ன்ற ஒரு வார்த்தைக்கு மேல எதுவும் வரல.

அப்போ நான் பிளஸ் டூ. ஸ்கூல் ஆரணியில. அப்பா ஆஸ்பத்திரியை விட்டு நகர முடியாது. ஊர்ல வீடு பூட்டிக் கிடக்கு. சித்தி பெங்களூர்ல. "நான் ஒரு வருஷம் படிப்பை நிறுத்திக்கிறேன்பா"ன்னேன். அப்பா ஒத்துக்கவே இல்லை. எங்க அப்பா சாமுவேல் ஆரணிப் பக்கம் நெசவுக்காரங்க வீடு வீடாப் போய், தறி மேல இருக்கற ஜக்கார்டு பெட்டியை ரிப்பேர் பண்றவரு. பட்டுல பூவும் மயிலும் விழ வைக்கற பெட்டி அது. அப்படிப் பழக்கமானவர் தாமோதரன். அம்மாவைப் பார்க்க வேலூருக்கு வந்தவரு, வராண்டாவுல உட்கார்ந்திருந்த என்னையும் பார்த்தாரு.

"பொண்ணை எங்க வீட்ல விடு சாமுவேலு. எங்க யாமினியும் பிளஸ் டூதான். ரெண்டும் ஒண்ணாப் படிக்கட்டும்"னாரு.

அன்னிக்குச் சாயங்காலமே ஒரு பையோட ஆரணியில அவங்க வீட்டு வாசல்ல நின்னேன். உள்ள போக எனக்குக் கொஞ்சமும் இஷ்டம் இல்லை.

கீழ கூடத்துல ரெண்டு தறி, தரையில குழி எடுத்துப் போட்டது. மேல ஒரே ரூம், யாமினியோடது. அவ என் பையைப் பார்த்தா, தன் அலமாரியைப் பார்த்தா, ஒரு தட்டைக் காலி பண்ணிக் குடுத்தா. ஒரு வார்த்தை பேசல. விடியறதுக்குள்ள தறிச் சத்தம் ஆரம்பிச்சுடும். தரையில படுத்தா முதுகுல வந்து இடிக்கும். ஈரக் கையோட தறியில நீளமா ஓடற பாவு நூல்கிட்ட போகக்கூடாது, தறிக் குழியைத் தாண்டக்கூடாதுன்னு எனக்குத் தெரியாத சட்டம் நிறைய. அதோட அந்த வீட்ல எல்லாரும் கத்திக் கத்திப் பேசுவாங்க. "சோறு போட்டுக்கோ"ன்னு தாமோதரன் மாமாவோட சம்சாரம் லோகா அத்தை சொன்னாலே திட்டற மாதிரி இருக்கும். தறிச் சத்தத்துக்கு மேல பேசிப் பேசி அவங்க குரலே அப்படி ஆயிடுச்சுன்னு புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆச்சு. அதுவரைக்கும் என்னை வெச்சிருக்கப் பிடிக்காமத்தான் கத்தறாங்கன்னு நினைச்சிகினு இருந்தேன்.

முதல் வெள்ளிக்கிழமை. அத்தை பூஜை முடிச்சுட்டுக் குங்குமத் தட்டோட வந்தாங்க. யாமினிக்கு வெச்சுட்டு என் நெத்திகிட்ட கையைக் கொண்டு வந்தாங்க. நான் பின்னாடி நகர்ந்துட்டேன்.

"வேணாம் அத்தை. நாங்க வெச்சுக்க மாட்டோம்."

அவங்க கை அப்படியே நின்னுச்சு. "சரிம்மா"ன்னுட்டுப் போய்ட்டாங்க. நான் மரியாதையாத்தான் சொன்னேன். ஆனா அன்னிக்கு முழுக்க அவங்க என் முகத்தைப் பார்க்கல. மாடிக்குப் போய், "ஆண்டவரே, அம்மாவைச் சுகமாக்கும். அது வரைக்கும் என்னை இந்த வீட்டை விட்டு எங்கயாவது கூட்டிட்டுப் போயிடும்"னு ஜெபம் பண்ணேன். தினமும் இதே ஜெபம்.

அம்மாவுக்காக உபவாசமும் எடுத்தேன். காலையில சாப்பிடாமப் போவேன். ஸ்கூல்ல மத்தியானச் சாப்பாட்டையும் பாதி வெச்சுடுவேன். உபவாசத்தை வெளிய காட்டிக்கக் கூடாதுன்னு ஞாயிறு பள்ளியில கத்துக்கிட்டதால யார்கிட்டயும் சொல்லல.

ஆடி மாசம் தெரு அம்மன் கோயில்ல கூழ் ஊத்தினாங்க. அத்தை ஒரு சொம்பு நிறைய வாங்கிட்டு வந்து என் கையில குடுத்தாங்க. நான் அதைக் கீழ வெச்சேன். அவ்ளோதான், அத்தைக்கு அடக்கி வெச்சது எல்லாம் வெடிச்சுது.

"எங்க வீட்ல தின்னா உனக்கு ஆகாதா? காலையில வெக்கற இட்லி அப்படியே கிடக்குது, யாமினி சொன்னா. நாங்க இன்னா ஆகாதவங்களா? சொல்லு, எதுக்கு எங்க வீட்டுச் சோத்தை ஒதுக்கற?"

அழ மாட்டேன்னு பல்லைக் கடிச்சிகினேன். "ஒதுக்கல அத்தை. அம்மா எழுந்து நடக்கணும்னு சாப்பிடாம ஜெபம் பண்ணிகினு இருக்கேன். சாமிக்குப் படைச்சதை நாங்க சாப்பிடறது இல்லை, அது உண்மைதான். மத்தபடி உங்க வீட்டுச் சாப்பாட்டுல எனக்கு எந்தக் குறையும் இல்லை."

அத்தை அங்கயே தறி மேடையில உட்கார்ந்துட்டாங்க. "எத்தினி நாளா?"

"வந்ததுலேர்ந்து."

"பைத்தியக்காரப் பொண்ணு"ன்னாங்க. குரல் இறங்கிடுச்சு. "நானும் ஆடி வெள்ளிக்கு ஒருவேளைதான் சாப்பிடறேன். உங்க அம்மாவுக்கும் சேர்த்துத்தான் வேண்டிகினு இருக்கேன். இதோ பாரு, உங்க சாமியை நீ கும்பிடு. படைச்சது வேணான்னா சொல்லிடு, படைக்கறதுக்கு முன்னாடியே உனக்குன்னு எடுத்து வெச்சிடறேன். ஆனா காலையில மட்டும்தான் பட்டினி. மத்தியானமும் ராத்திரியும் ஒழுங்கா துன்னணும். மயங்கி விழுந்தா உங்க அப்பனுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

அந்த வாரத்துலேர்ந்து வெள்ளிக்கிழமை பூஜைக்கு முன்னாடி அத்தை எனக்குன்னு ஒரு கிண்ணத்துல எடுத்து மூடி வெச்சிடுவாங்க. அது மேல யாரும் கை வைக்க மாட்டாங்க.

யாமினியும் கொஞ்சம் கொஞ்சமாப் பேச ஆரம்பிச்சா. ஒரு நாள் மாடிக்கு வந்து, "கண்ணை மூடிகினு அப்படி இன்னாதான் பேசுவ உங்க சாமிகிட்ட?"ன்னு கேட்டா. "எங்க அம்மாவைப் பத்தி"ன்னேன். "என்னைப் பத்தியும் திட்டிப் பேசினியா?" "இந்த வீட்டை விட்டுக் கூட்டிட்டுப் போன்னு கேட்டேன்." "நானும் அதையேதான் எங்க முருகன்கிட்ட கேட்டேன்"ன்னா. ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. அதுக்கு அப்புறம் பிசிக்ஸ் ஒண்ணாத்தான் படிச்சோம்.

அம்மா கொஞ்சம் தேறினாங்க. மிஷினை எடுத்துடலாம்னு டாக்டர் சொன்னதா அப்பா சொன்னாரு. நான் ஸ்தோத்திரம் சொல்லி முடிக்கல, ஆகஸ்ட் மாசம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடி அப்பாகிட்ட இருந்து போன்.

"திரும்ப மோசமாயிட்டாங்கம்மா. கை காலு மறுபடி விழுந்துடுச்சு. ரத்தத்துல இருக்கற கெட்டதை எடுத்துட்டு வேற ஏத்தற வைத்தியத்தை முதல்லேர்ந்து பண்ணணுமாம். நாளைக்கு ரத்தம் குடுக்க ஏழெட்டுப் பேராவது வரணுமாம். நம்ம சபைப் பசங்க போன மாசம்தான் குடுத்தாங்க. அவங்ககிட்ட இப்ப திரும்ப எடுக்க மாட்டாங்க. நான் யாரைம்மா கேப்பேன்?"

எங்க அப்பா அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அத்தையும் மாமாவும் கடைத்தெருவுக்குப் போயிருந்தாங்க. நேரா மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணி டேங்குக்குப் பின்னாடி முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, யாரையாவது அனுப்பும். யாரையாவது அனுப்பும்." இதையே சொல்லிகினு இருந்தேன். கீழ தெரு முழுக்கத் தறி ஓடிகினு இருக்கு. இந்தப் பக்கம் ஒண்ணு, எதிர் வரிசையில ஒண்ணு, கோடியில ஒண்ணு. கண்ணை மூடினா அந்தச் சத்தம்தான் காது முழுக்க. அப்போ என் மனசுல ஒரு கேள்வி வந்துச்சு. நான் தரிசனம் எதுவும் பார்க்கல, குரலும் கேக்கல. ஆனா அது என்னோட யோசனை இல்லைன்னு எனக்கு நிச்சயமாத் தெரியும். "யாரையாவது அனுப்பச் சொல்றியே, இத்தனை பேர் உன்னைச் சுத்தி இருக்காங்களே, யாரையாவது நீ கேட்டியா?"

"எனக்கு யாரையும் தெரியாதே ஆண்டவரே"ன்னேன். உண்மைதான். அந்தத் தெருவுல நான் தலை குனிஞ்சு போய்த் தலை குனிஞ்சு வந்தவ. அவங்க நம்ம விசுவாசிகளும் இல்லை. எதுக்கு எனக்கு ரத்தம் குடுக்கப் போறாங்க?

அந்தக் கேள்வி போகல. எழுந்தேன். முகத்தைக் கழுவினேன். படியில யாமினி நின்னிருந்தா. "எங்க போற?"ன்னா. "எங்க அம்மாவுக்கு ரத்தம் கேக்கப் போறேன்"னு சொல்லிட்டுச் செருப்பை மாட்டினேன்.

பக்கத்து வீடு. பழனின்னு ஒருத்தர், தறியை விட்டு எழுந்திருக்காமலே கேட்டாரு. விஷயத்தைச் சொன்னேன். "பாவம்தான்மா. ஆனா ரத்தம் குடுத்தா தறி மிதிக்கத் தெம்பு இருக்காது. தீபாவளி ஆர்டர் கையில இருக்குது. தப்பா நினைச்சுக்காத"ன்னாரு. "பரவாயில்லண்ணா"ன்னுட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்க ஆள் இல்லை. அதுக்கு அடுத்த வீட்ல, "நீ யாரு பொண்ணு?"ன்னு கேட்டுட்டு, "எங்க வீட்ல எல்லாருக்கும் சுகர்மா"ன்னாங்க. ஆனாலும் திரும்பிப் போகக்கூடாதுன்னு ஒரு பிடிவாதம். இந்தத் தெருவுல கடைசிக் கதவு வரைக்கும் தட்டிடணும். அதுக்கு அப்புறமும் யாரும் இல்லைன்னா, அப்போ ஆண்டவர்கிட்ட போய் நியாயம் கேக்கலாம்.

நாலாவது கதவைத் தட்டப் போறேன், பின்னாடி ஓடி வர்ற சத்தம். பழனி அண்ணன் சம்சாரம் சுமதி அக்கா. முந்தானையில கையைத் துடைச்சிகினே வந்தாங்க. "பொம்பளைங்க குடுக்கலாமா?"ன்னு கேட்டாங்க.

"குடுக்கலாம்க்கா."

"அப்ப நான் வரேன். அவரு தறி மிதிக்கட்டும். நான் வரேன்."

அவங்க கையைப் பிடிச்சிகினு நடுத் தெருவுல நின்னு அழுதேன். அதுக்குள்ள தெரு முனையில லோகா அத்தை. யாமினி போன் பண்ணிச் சொல்லியிருக்கா. காய்கறிப் பையோட, புடவையைத் தூக்கிச் செருகிகினு வேகமா வந்தாங்க.

"ஏன்டி, என்கிட்ட சொல்லணும்னு தோணலையா உனக்கு? வீட்ல ஒருத்தி இருக்கேன் இல்ல?"

"உங்களுக்கு எதுக்கு சிரமம்னு அத்தை..."

"சிரமமாம்! வா இப்படி."

பையை சுமதி அக்கா கையில குடுத்தாங்க. என் கையைப் பிடிச்சாங்க. அப்புறம் அந்தத் தெருவே கேட்டுது எங்க அத்தை குரலை. ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு, தறிச் சத்தத்துக்கு மேல கூப்பிட்டாங்க. ஆனா விஷயத்தை அவங்க சொல்லல. "நீ சொல்லு கண்ணு. உங்க அம்மாவுக்கு நீதான் கேக்கணும்"னு என்னை முன்னாடி தள்ளினாங்க. நான் சொன்னேன். ஒவ்வொரு வாசல்லயும் சொன்னேன். சில பேர் முடியாதுன்னாங்க. சில பேர் யோசிச்சு சொல்றேன்னாங்க. சில பேர், "எத்தினி மணிக்குக் கிளம்பணும்?"னு மட்டும் கேட்டாங்க. பட்டுப் புடவை ஏத்திகினு போற வேன் வெச்சிருக்கற ஒருத்தர், வேனைத் தானே ஓட்டிகினு வரேன்னாரு.

சனிக்கிழமை விடிஞ்சதும் வேன் கிளம்புச்சு. வழியில கண்ணமங்கலத்துல நிறுத்தி எல்லாருக்கும் இட்லி வாங்கிக் குடுத்தாரு தாமோதரன் மாமா. வெறும் வயித்துல ரத்தம் குடுக்கக் கூடாதுன்னு யாரோ சொன்னாங்களாம். கேட்டதை விட அதிகம் பேர் இருந்தாங்க வண்டியில. மாமா வீட்டு ஆளுங்களைத் தவிர அதுல ஒருத்தரைக் கூட அதுக்கு முந்தின நாள் வரைக்கும் எனக்குப் பேர் சொல்லித் தெரியாது.

ஊசியைப் பார்த்ததும் மாமா முகத்தைத் திருப்பிகினாரு. "நூல் மாதிரி இருக்கும்னு சொன்னியே, இது இன்னா நூல் சுத்தற தார்க்குச்சி மாதிரி இருக்குது"ன்னாரு என்கிட்ட. ஆனா கையை நீட்டிட்டாரு. சுமதி அக்கா குடுத்துட்டு வந்து, ஜூஸ் குடிச்சிகினே, "இதுக்குத்தானா எங்க வீட்டுக்காரரு அப்படிப் பயந்தாரு"ன்னாங்க. ஒருத்தருக்கு பிரஷர்னு வேணான்னுட்டாங்க. எங்க அத்தைக்கு ரத்தம் கம்மின்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அத்தை நர்ஸ்கிட்ட சண்டையே போட்டாங்க. "இவ்ளோ தூரம் வந்துட்டு நான் மட்டும் சும்மா போறதா? கொஞ்சமாவது எடும்மா!"

அப்பா எங்களை அம்மாகிட்ட கூட்டிட்டுப் போனாரு. அத்தை அம்மாவைப் பார்க்கறது அதுதான் முதல் தடவை. குழாய், ஒயரு எல்லாம் பார்த்து பயந்துடுவாங்கன்னு நினைச்சேன். அவங்க நேராக் கட்டில்கிட்ட போனாங்க.

"எலிசபெத்து! நான் லோகா. உன் பொண்ணு எங்க வீட்ல நல்லா இருக்கா. நல்லாப் படிக்கறா. நீ அதைப் பத்தி பேஜார் ஆவாத. எழுந்து வர்ற வேலையை மட்டும் பாரு!"

அந்த வார்டே திரும்பிப் பார்த்துச்சு. நர்ஸ் ஓடி வந்தாங்க. அம்மா கண்ணுல இருந்து தண்ணி வழிஞ்சு காதுப் பக்கம் ஓடுச்சு.

வெளிய வராண்டாவுக்கு வந்ததும் நான் ஒரு ஓரமா முழங்கால் போட்டு ஜெபம் பண்ணேன். நான் முடிக்கற வரைக்கும் அத்தை கையைக் கூப்பிகினு என் பக்கத்துலயே நின்னாங்க. "முடிஞ்சுதா? கடைசியில இன்னா சொல்லணும்?" "ஆமென்னு சொல்லணும் அத்தை." "ஆமென்"னாங்க. அந்தக் குரல்லதான். வராண்டா முழுக்கக் கேட்டுது.

ஒரே நாள்ல அற்புதம் நடந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். வைத்தியம் தொடர்ந்து நடந்துச்சு. நாங்க காத்துகினே இருந்தோம். செப்டம்பர் மாசம் அம்மாவோட வலது கைக் கட்டை விரல் அசைஞ்சுதுன்னு அப்பா வீடியோ கால்ல காட்டினாரு. நானும் யாமினியும் அந்த விரலைப் பார்த்துக் கத்தின கத்துல மாமா தறியை நிறுத்திட்டு மேல ஓடி வந்தாரு. அந்த மாசக் கடைசியில குழாயை எடுத்தாங்க. அம்மா முதல்ல பேசினது என்ன தெரியுமா? "வீட்டுச் சாவி யார்கிட்ட இருக்குது?" நம்ம எலிசபெத்து திரும்பி வந்துட்டாங்கன்னு அப்பதான் எனக்கு நிச்சயம் ஆச்சு.

கிறிஸ்துமசுக்கு முன்னாடி அம்மாவை சக்கர நாற்காலியில வீட்டுக்குக் கொண்டு வந்தோம். என்னைக் கூட்டிட்டுப் போக அப்பா ஆரணிக்கு வந்தாரு. அன்னிக்கு அந்த வீட்டை விட்டுக் கிளம்ப எனக்குக் கால் வரல. ஊருக்கு வந்து அம்மாகிட்ட உட்கார்ந்தேன். அம்மாவே சொன்னாங்க, "பரீட்சை முடியற வரைக்கும் அங்கயே இரு. நீ அங்க படி, நான் இங்க நடக்கப் பழகறேன். யாரு முதல்ல பாஸ் பண்றாங்கன்னு பார்ப்போம்." சனி ஞாயிறு ஊருக்கு, மத்த நாள் ஆரணிக்குன்னு மார்ச் வரைக்கும் ஓடினேன். நானும் பாஸ், யாமினியும் பாஸ். பிசியோதெரபி படிக்க விண்ணப்பம் போட்டிருக்கேன். எங்க அம்மா காலை மடக்கி நீட்டப் பழக்கினவங்களைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை அது. அதுக்காகவும் ஜெபம் பண்ணிக்குங்க.

போன மாசம் அம்மா அந்தத் தெருவுக்குப் போகணும்னு அடம் பிடிச்சாங்க. வாக்கரைப் பிடிச்சிகினு, ரத்தம் குடுத்தவங்க வீடு ஒவ்வொண்ணுக்கும் நடந்தாங்க. முடியாதுன்னு சொன்ன வீட்டையும் விடல. பழனி அண்ணன் தறியை விட்டு எழுந்து வந்து நாற்காலி எடுத்துப் போட்டாரு. மாமா சிரிச்சிகினே, "எலிசபெத்தம்மா, உன் உடம்புல ஓடறது முழுக்க நெசவுக்காரன் ரத்தம். தறியில உட்கார்ந்து பாரு, தானா நெய்ய வரும்"னாரு. அந்தத் தெருவே சிரிச்சுது.

சபையாரே, நான் சின்னப் பொண்ணு. உங்களுக்குச் சொல்ற அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. ஆனா ஆண்டவர் எனக்குச் செஞ்சதைச் சொல்லாம இருக்க முடியாது. என் ஜெபத்துக்குப் பதில் இந்தக் கட்டடத்துக்கு உள்ளேருந்துதான் வரும்னு நினைச்சேன். முதல் தடவை இங்க இருக்கற அண்ணனுங்க குடுத்த ரத்தத்தை நான் மறக்கல. ஆனா ரெண்டாவது தடவை ஆண்டவர் எனக்குத் திறந்தது எனக்குத் தெரியாத கதவுங்க. அவருக்கு எல்லா வீட்டு வழியும் தெரியும். இங்க யாருக்காவது இப்போ ஒரு கஷ்டம் இருந்தா, வீட்ல கதவைச் சாத்திகினு ஜெபம் பண்ணுங்க. நம்பிக்கையோட பண்ணுங்க. பண்ணி முடிச்சுட்டு எழுந்து, வெளிய போய்க் கேளுங்க. முதல் கதவு சாத்தினா அடுத்ததைத் தட்டுங்க. கேக்க வெக்கப்படாதீங்க. நீங்க கிளம்பறதுக்கு முன்னாடியே அவர் யாரோ ஒருத்தர் மனசுல பேசிகினு இருப்பாரு.

லோகா அத்தையும் மாமாவும் யாமினியும் கடைசி வரிசையில உட்கார்ந்திருக்காங்க. எப்ப எழுந்திருக்கணும், எப்ப உட்காரணும்னு தெரியாம உங்களைப் பார்த்துப் பார்த்துச் செய்யறாங்க. ஆராதனை முடிஞ்சதும் அவங்ககிட்ட போய்ப் பேசுங்க. கொஞ்சம் சத்தமாப் பேசினா பயப்படாதீங்க.

இப்போ எங்க அம்மா எழுந்து நிப்பாங்க. அண்ணா, வேணாம், யாரும் கை குடுக்காதீங்க. வாக்கரையும் தள்ளி வெச்சிடுங்க. அவங்களே எழுந்திருப்பாங்க.

எழுந்திருங்கம்மா.